எக்ஸ்ப்ளாய்டேஷன் படம்: 'சுரண்டல்' பொருந்துமா?

நட்சத்திரம் இல்லாமல், சொற்பச் செலவில், வன்முறையையும் கவர்ச்சியையும் போதையையும் காட்டிக் கூட்டம் சேர்த்த அமெரிக்கத் த்ரில்லர்களை 'எக்ஸ்ப்ளாய்டேஷன் படம்' என்பார்கள். தமிழில் 'சுரண்டல் படம்' என்று எழுதிவிடுகிறோம். எனக்கு அது உறுத்துகிறது.

சொல்லின் வேர் லத்தீனில் 'எக்ஸ்ப்ளிகாரே'; மடித்ததை விரிப்பது. பிரெஞ்சுக்கு வந்தபோது, ஒன்றைப் பயன்படுத்திப் பலன் காண்பது என்றானது. நிலத்தில் பயிரிடுவதற்கும் சுரங்கம் வெட்டுவதற்கும் அங்கே இதே சொல்தான். தியேட்டர் நடத்துகிறவரை இன்றும் 'எக்ஸ்ப்ளுவாத்தான்' என்கிறார்கள். பழைய ஹாலிவுட்டில் அது விளம்பர வேலையின் பெயர்: போஸ்டர், தட்டி, ஊரைத் திரட்டும் உத்திகள். அந்த உத்திகளை மட்டுமே நம்பி ஓடிய படங்களுக்குப் பிறகு அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது.

நம் 'சுரண்டு' பிறந்த இடம் வேறு. பால் சட்டியின் அடியில் தீய்ந்து பிடித்ததைக் கரண்டியால் பெயர்த்தெடுக்கிறோமே, அது சுரண்டல். உழைப்புச் சுரண்டல் என்னும்போதும் காதில் விழுவது அந்தக் கரகரப்புதான். அந்தச் சொல்லிலேயே கண்டனம் இருக்கிறது.

கண்டனம் தேவைப்படும் இடமும் உண்டு. 1972இல் கறுப்பின உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யைச் சேர்ந்த ஜூனியஸ் கிரிஃபின், கறுப்பின மக்களைப் போதை வியாபாரிகளாகவே காட்டிக் காசு பார்த்த படங்களை 'பிளாக்ஸ்ப்ளாய்டேஷன்' என்று சாடினார். அவர் சொன்னது சுரண்டலையேதான். அங்கே வேறு சொல் தேடக் கூடாது. வகையை மட்டும் குறிக்க 'பரபரப்பு வணிகப் படம்' என்பேன். விற்கப்படுவது எது என்று சொல்லும். படத்தைப் பார்க்கும் முன்பே தீர்ப்பு எழுதாது.

அந்த அலையிலேயே 1973இல் ஜாக் ஹில் எழுதி இயக்கிய 'காஃபி' வந்தது. பாம் க்ரியர் அதில் நர்ஸ். தங்கையைப் போதைக்கு அடிமையாக்கியவர்களைத் துப்பாக்கியோடு தேடிப் போகிறாள். போஸ்டர் விற்றது அந்தத் துப்பாக்கியை. படத்திலோ, முதல் கொலையைச் செய்துவிட்டு அவள் ஆபரேஷன் தியேட்டர் வேலைக்குத் திரும்புகிறாள், பதற்றத்தில் தடுமாறுகிறாள், வெளியே போகச் சொல்லிவிடுகிறார்கள். சிகிச்சையில் இருக்கும் தங்கையைப் பார்க்கப் போகும் காட்சியில் துப்பாக்கியே இல்லை. அக்கா மட்டும்தான் இருக்கிறாள்.