பழைய ஜீப்பும் பெயின்டுக்கு அடியில் ஓடும் மின்சாரமும்

போடி, ஏற்காடு, வால்பாறை என்று மலையும் தோட்டமும் இருக்கும் எந்த ஊருக்குப் போனாலும் பழைய மகிந்திரா ஜீப் ஒன்றாவது கண்ணில் படும். அந்த உடம்பு 1953-இல் அமெரிக்காவின் வில்லிஸ் நிறுவனம் கொண்டுவந்த சிஜே-3பி மாடலுடையது. உயரம் கூடிய புது எஞ்சினை உள்ளே நுழைக்க பானெட்டைத் தூக்கிக் கட்டினார்கள். அந்த ஏறுநெற்றி அப்படி வந்ததுதான். அமெரிக்காவில் 1968-இல் அதை நிறுத்திவிட்டார்கள். மகிந்திரா பிறகும் பல பத்தாண்டுகள் அதே உருவத்தில் வண்டி கட்டிக்கொண்டிருந்தது. தட்டைத் தகடு, வெளியே தெரியும் போல்ட்டு, ஸ்பேனர் செட் ஒன்று இருந்தால் கழற்றிவிடக்கூடிய மட்கார்டு. வீட்டு வாசலில் நிறுத்தி வேலை பார்க்க இதைவிடத் தோதான வண்டி கிடைப்பது கஷ்டம்.

அப்படி வேலையில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் உப்புத்தாளால் தேய்ப்பார்கள், பட்டி போடுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள். வண்டி பளபளவென்று நிற்கும். இரண்டு மழைக்காலம் தாண்டியதும் மட்கார்டு ஓரத்தில் சின்னச் சின்னக் கொப்புளம் கிளம்பும். நகத்தால் கீறினால் பெயின்ட் பொருக்குத் தட்டி உரியும், அடியில் செம்பழுப்புப் பொடி. உடனே கடைக்காரர் கொடுத்த பெயின்ட் மட்டம் என்று பழி போடுவோம். பாவம், கடைக்காரர்!

பெயின்ட் தண்ணீரை உள்ளே விடாது, அதனால் இரும்பு துருப்பிடிக்காது என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். 1950 வாக்கில் கேம்பிரிட்ஜில் மெயின் என்ற ஆய்வாளர் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். சாதாரண பெயின்ட் படலத்தின் வழியே ஊடுருவும் நீரும் ஆக்சிஜனும், இரும்பு துருப்பிடிக்கத் தாராளமாகப் போதும் என்று தெரிந்தது. அப்படியானால் பெயின்ட் அடித்த இரும்பு ஏன் உடனே துருப்பிடிப்பதில்லை? விடை மின்சாரத்தில் இருக்கிறது.

துரு என்பது தகட்டின் மேல் தானாக உருவாகும் ஒரு குட்டி பேட்டரியின் கழிவு. ஓரிடத்தில் இரும்பு அணு எலக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனியாக நீரில் கரைகிறது. அந்த எலக்ட்ரான்கள் தகட்டுக்குள்ளேயே ஓடி வேறோர் இடத்துக்குப் போய், அங்கே நீரோடும் ஆக்சிஜனோடும் சேர்ந்து ஹைட்ராக்சைடு ஆகின்றன. சுற்று முடிய வேண்டுமானால் இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே நீர் வழியாக அயனிகள் நகர வேண்டும். சுத்தமான நீரில் அவை தட்டுத்தடுமாறித்தான் போகும். உப்பு கலந்துவிட்டால் நெடுஞ்சாலை.

இதைக் கண்ணால் பார்க்க முடியும் என்று 1920-களில் யூலிக் எவன்ஸ் காட்டினார், அவரும் கேம்பிரிட்ஜ்காரர்தான். தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு உப்புநீர். அதில் நிறம் மாறிக் காட்டும் இரண்டு வேதிப்பொருள்கள். கொஞ்ச நேரத்தில் துளியின் ஓரம் இளஞ்சிவப்பாகும், நடு நீலமாகும். ஓரத்தில் காற்று எளிதாகக் கிடைப்பதால் அங்கே ஆக்சிஜன் வேலை நடக்கிறது. காற்றுக் குறைந்த நடுப்பகுதியில் இரும்பு கரைகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் வளையமாகத் துரு படிகிறது.

ஆக, அரிப்பு எடுப்பது காற்று குறைவாகப் படும் இடத்தில். ஜீப்பைச் சுற்றி வந்தால் இது அப்படியே பொருந்தும். வெயிலும் மழையும் நேராக விழுகிற பானெட் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஓட்டுநர் காலடியில் ரப்பர் மேட்டுக்குக் கீழே தரைத்தகடு ஓட்டை. சேஸ் சட்டத்துக்குள் சேறு அப்பிய இடம், இரண்டு தகடு ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஸ்பாட் வெல்டிங் அடித்த மடிப்பு, பேட்டரி உட்காரும் தட்டு, எல்லாம் செல்லரித்ததுபோல் இருக்கும். பேட்டரித் தட்டுக்கு மட்டும் அமிலக் கசிவு என்று தனிக் கணக்கு உண்டு.

இப்போது பெயின்டுக்கு வருவோம். நல்ல படலம் நீரை விட்டாலும் உப்பு அயனிகளை எளிதில் விடாது. அதன் மின்தடை அதிகம், பேட்டரியின் சுற்று முடிவதில்லை. கூடவே, படலம் இரும்போடு இறுக ஒட்டியிருக்கும்வரை, நீர் ஒரு ஏடாகச் சேர்ந்து நிற்க அடியில் இடமே இல்லை. இந்த இரண்டில் ஒன்று போனாலும் கதை முடிந்தது. பெயின்டுக்கு அடியில் கொஞ்சம் உப்பு மிஞ்சியிருந்தால், சவ்வூடு பரவல் முறையில் அது வெளியிலிருந்து நீரை இழுத்துக்கொண்டே இருக்கும். கொப்புளம் எழுவது அப்படித்தான். பிறகு துரு. கரைந்த இரும்பைவிட அதிலிருந்து வரும் துருவுக்கு இரண்டு மடங்குக்கு மேல் இடம் தேவை. ஆகவே அது படலத்தை நெம்பி உரிக்கிறது, அடுத்த இடம் திறக்கிறது.

அந்த உப்பு எங்கிருந்து வந்தது? பழைய துருவின் குழிகளுக்குள் ஒளிந்திருந்த குளோரைடு. கடலோர ஊர் வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். போர்வெல் உப்புத்தண்ணீரில் கழுவியது. தேய்த்த தகட்டைத் தடவிப் பார்த்த உள்ளங்கை வேர்வை. என்னைக் கேட்டால், வீட்டில் ஜீப்புக்குப் பெயின்ட் அடிக்கிறவர் முதலில் வாங்க வேண்டியது ஒரு ஜோடி கையுறை. ஸ்ப்ரே கன் அப்புறம்.

வேலையின் ஆரம்பம் சுத்தியல். சின்னச் சுத்தியலால் தகட்டைத் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடம் ‘ணங்’ என்னும், பட்டி ஏறிய இடமோ உள்ளே உளுத்த இடமோ ‘தப்’ என்னும். ‘தப்’ வந்த இடத்தில் ஸ்குரூடிரைவரால் குத்துங்கள். உள்ளே இறங்கினால் அதற்குமேல் பட்டி போட்டு மூடுவது வீண். நல்ல தகடு தெரியும்வரை வெட்டி எடுத்து, 18 கேஜ் தடிமனுள்ள தகட்டில் ஒட்டு வெல்டிங் செய்ய வேண்டும். வெல்டிங்குக்கு முன்பு பேட்டரியைக் கழற்றி, டீசல் டேங்கையும் இறக்கிவிடுங்கள். சேஸ் சட்டமே உளுத்திருந்தால் வீட்டில் தொடாமல் பட்டறைக்குக் கொண்டுபோவது நல்லது.

மிச்சமிருக்கும் துருவைக் கிரைண்டரில் வயர் பிரஷ் மாட்டித் தேய்த்தால் தகடு பளபளக்கும். ஆனால் குழிகளுக்குள் கறுப்பாக ஒட்டியிருப்பது போகாது. அங்கேதான் ரஸ்ட் கன்வர்ட்டர் உதவுகிறது. இதில் பாஸ்பாரிக் அமிலமோ டானினோ இருக்கும். அமிலம் துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றுகிறது; டானின் இரும்போடு சேர்ந்து கருநீலச் சேர்மமாகிறது. நமக்குத் தெரிந்த வேதியியல்தான். கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதியைப் போட்டு எழுத்துமை காய்ச்சியவர்கள் நம் ஊர்க்காரர்கள். கடுக்காயில் இருப்பது டானின், அன்னபேதியில் இருப்பது இரும்பு. ஆனால் இந்தத் திரவம் ஒட்டியிருக்கும் துருவில் மட்டுமே வேலை செய்யும். பொருக்காக நிற்கும் துருவின்மேல் தடவினால் மேல்தோல் கறுக்கும், உள்ளே பழைய கதை ஓடும். வேலை முடிந்ததும் மிஞ்சிய அமிலத்தை டப்பாவில் சொன்னபடி துடைத்தெடுக்க வேண்டும். அதுவும் ஒருவகையில் நீரை இழுக்கும் பொருளே.

வெறுந்தகடு தெரிந்த அன்றைக்கே பிரைமர் என்ற அடிப்பூச்சை அடித்துவிடுங்கள். ஈரக்காற்றில் ஒரே ராத்திரியில் மஞ்சள் துரு படர்ந்துவிடும். நம் பட்டறைகளில் எங்கும் கிடைப்பது ரெட் ஆக்சைடு. அந்தச் சிவப்பு நிறமியும் இரும்பு ஆக்சைடுதான், அதாவது துருவின் நெருங்கிய உறவு! ஏற்கெனவே முழுக்க ஆக்சிஜனேறி முடிந்த பொருள் என்பதால் அது மேற்கொண்டு மாறுவதில்லை. ஆனால் அந்த நிறமி தானாகத் துருவைத் தடுப்பதில்லை. தடுக்கும் வேலையைச் செய்வது கூடவே கலக்கும் ஜிங்க் பாஸ்பேட் போன்ற பொருள்கள். கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் ரெட் ஆக்சைடு போதும். ஜீப்பின் அடிப்பகுதிக்கு இரண்டு டப்பாவாக வரும் எப்பாக்ஸி பிரைமர் அதைவிடப் பல மடங்கு நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

பட்டியை எப்பாக்ஸி பிரைமருக்கு மேலே போடுவது நல்லது. பட்டி என்பது பாலியெஸ்டர் பிசினில் டால்க் மாவு கலந்த குழம்பு. அதை இறுகவைக்கும் சிவப்பு ஹார்டனரைச் சுமார் நூற்றுக்கு இரண்டு பங்கு சேர்த்ததும் மூலக்கூறுகள் வலைபோல் பின்னிக்கொண்டு இறுகுகின்றன. சீக்கிரம் காயட்டும் என்று ஹார்டனரை அள்ளிப் போட்டால், அதிலுள்ள பெராக்சைடு மிஞ்சி, பல நாள் கழித்து மேல் பெயின்டில் கறையாக எழும். இன்னொன்று: டால்க் நீரை உறிஞ்சும். பட்டியைத் தண்ணீர் ஊற்றித் தேய்ப்பது நம் பட்டறை வழக்கம். தூசி பறக்காது என்பது உண்மைதான், ஆனால் அந்த ஈரம் உள்ளே தங்கி நேராக இரும்புக்குப் போகிறது. மாஸ்க் போட்டுக்கொண்டு உலர்வாகத் தேய்ப்பதே மேல்.

மேல் பெயின்ட் காய்வதில் மூன்று வகை. என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்டில் தின்னர் பறந்தால் வேலை முடிந்தது. இந்த வகையில் வந்த டூக்கோ 1923-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கு ஏறியபோது, வாரக்கணக்கில் காய்ந்துகொண்டிருந்த பெயின்ட் மணிக்கணக்குக்கு இறங்கியது. எனாமல், காற்றின் ஆக்சிஜனை வாங்கி மெல்ல இறுகும். பி.யூ. (பாலியூரிதேன்) பெயின்ட், ஹார்டனரோடு வினைபுரிந்து இறுகும்.

ஐப்பசி மழையில் என்.சி. அடித்தால் பெயின்ட் வெள்ளை பூத்துப்போகும். தின்னர் ஆவியாகும்போது, மண்பானைத் தண்ணீர் குளிர்வதுபோலத் தகடும் குளிர்கிறது. காற்றின் ஈரம் அதில் பனியாகப் படிந்து படலத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. வெயில் நாளுக்குக் காத்திருப்பதே மருந்து. அரைகுறையாகக் காய்ந்த எனாமல்மேல் என்.சி. அடித்தால் தின்னர் கீழே இறங்கி அடிப்படலத்தை ஊதவைத்துச் சுருக்கிவிடும்; சுரண்டிவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான். சிலிக்கான் பாலிஷ் போட்ட பழைய தகட்டில் பெயின்ட் வட்ட வட்டமாக விலகி ஓடினால், அது எண்ணெய்ப்பசையின் பரப்பு இழுவிசை செய்யும் வேலை. தேய்ப்பதற்கு முன்பே தகட்டைத் தின்னரில் துடைத்திருக்க வேண்டும். தேய்த்த பிறகு துடைத்தால் கீறல்களுக்குள் பசை இறங்கியிருக்கும்.

பி.யூ.தான் மூன்றிலும் உறுதி. இருந்தாலும் வீட்டில் ஸ்ப்ரே செய்ய அதைச் சொல்ல மாட்டேன். அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் தீராத ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடும். துணி மாஸ்க்கும் தூசி மாஸ்க்கும் அதை நிறுத்தாது, வெளிக்காற்றைக் குழாயில் தரும் முகமூடி வேண்டும். ஜீப்புக்கு எனாமல் போதும். முள்ளில் உரசி வந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரஷ்ஷால் தொட்டுவிடலாம்.

நிறத்தில் ஒரு சங்கதி. பழைய ஜீப் என்றாலே பலருக்கும் ராணுவப் பச்சை மேல்தான் கண். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், 121-ஆம் விதி, பாதுகாப்புத் துறை வண்டிகளைத் தவிர வேறெதற்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது என்கிறது. வேறு நிறத்துக்கு மாறினாலும் ஆர்.சி. புத்தகத்தில் மாற்ற வேண்டும்.

வெளியே எல்லாம் முடிந்தபின் சேஸ் சட்டத்தின் உள்பக்கம் பாக்கி. அங்கே பிரஷ் போகாது. மெல்லிய குழாய் வைத்து மெழுகு கலந்த எண்ணெயைப் பீய்ச்சினால் மடிப்புகளுக்குள் தானாக ஊறி இறங்கும். அதைச் செய்யும்போது சட்டத்தின் அடியில் இருக்கும் சிறு ஓட்டைகளை அடைத்துவிடாதீர்கள். தண்ணீர் வெளியே வர நிறுவனமே போட்ட வழி அது. பட்டியும் சேறும் ஏறி அடைந்திருந்தால் ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள்.