கண்மாய்க் கரையில் வகுப்பு: கிராமப் பள்ளிக்குத் துணை வருவோர் கவனத்துக்கு

சிவகங்கை மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் நடுநிலைப் பள்ளியில், பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு ஜூன் 5 அன்று, நான் அப்போது பணியாற்றிய தொண்டு நிறுவனத்தின் சார்பில் 120 மரக்கன்றுகள் நட்டோம். பேனர் கட்டி, ஊராட்சித் தலைவரை அழைத்து, உறுதிமொழி வாசித்து, பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு கன்றைக் கொடுத்து எடுத்த படம் அந்த ஆண்டறிக்கையின் அட்டையில் வந்தது. செப்டம்பரில் போய்ப் பார்த்தபோது ஒன்பது கன்றுகள் மிஞ்சியிருந்தன. சுற்றுச்சுவர் இல்லாத பள்ளி. வெயில் தின்றதுபோக மிச்சத்தை ஆடு தின்றிருந்தது. அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா, “வைகாசி வெயில்ல எவனாச்சும் கன்னு வைப்பானா தம்பி? ஐப்பசி மழைக்கு வச்சிருந்தா அது பாட்டுக்கு வந்திருக்குமே” என்றார். எங்கள் குழுவில் சுற்றுச்சூழல் அறிவியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர்கள் மூவர் இருந்தோம். வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் மண்ணில் நிற்கிறோம் என்பது மூவருக்கும் தெரியும். தெரிந்தும், நாட்காட்டியில் உலகச் சுற்றுச்சூழல் நாள் என்று போட்டிருந்த தேதியில்தான் குழி தோண்டினோம்.

கிராமப் பள்ளிகளுக்கு உதவ வருகிற நிறுவனங்களும், முன்னாள் மாணவர் குழுக்களும், தன்னார்வலர்களும் இன்றும் இதே தவற்றைச் செய்வதைப் பார்க்கிறேன் என்பதால் இதை எழுதுகிறேன்.

பிள்ளை வாழும் ஊரையே பாடப்பொருளாக்கி, அந்த ஊரின் நீர், மண், பயிர், தொழில், வழக்கம் ஆகியவற்றின் வழியாகக் கணக்கையும் அறிவியலையும் மொழியையும் கற்பிப்பதை இடஞ்சார்ந்த கல்வி என்கிறோம். இது வெளிநாட்டிலிருந்து நேற்று வந்த சரக்கு அல்ல. 1937இல் வார்தா மாநாட்டில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலையும் சுற்றுப்புறத்தையும் பாடத்தின் நடுவில் வைத்தது. பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்க்கையோடு அறிவை இணைக்க வேண்டும் என்பதைத் தன் முதல் கொள்கையாகவே 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டச் சட்டகம் அறிவித்தது. சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991லேயே கூறிவிட்டது. 2001இல், பள்ளிகளில் சுற்றுச்சூழல் மன்றங்களை அமைக்கும் தேசிய பசுமைப் படையும் வந்துவிட்டது. ஆகவே, ஆணைகளுக்கும் திட்டங்களுக்கும் பஞ்சமில்லை. ஊரில் அறிவுள்ள மனிதர்களுக்கும் பள்ளி வாசலுக்கும் இடையில் கிடக்கிற நூறு அடித் தூரத்தைக் கடக்க வைப்பதற்குத்தான் ஆள் இல்லை. வெளியிலிருந்து வரும் துணைவரின் வேலை அந்த நூறு அடியில்தான் இருக்கிறது.

கன்றுகள் பட்டுப்போன அதே பள்ளிக்கு அடுத்த ஆண்டு நாங்கள் எதையும் கொண்டுபோகவில்லை. ஆறாம் வகுப்பு ஆசிரியை ஒருவர், அளவைகள் பாடத்தைக் கண்மாயை வைத்து நடத்த முடியுமா என்று தாமாகவே கேட்டார். ஊரில் மடை திறந்து நீர் பகிரும் நீர்பாய்ச்சி ஒருவர் இருந்தார். அப்போதே அறுபது வயதைத் தாண்டியவர். ஆசிரியையும் நானும் அவரைப் போய்ப் பார்த்தோம். பொங்கல் விடுமுறைக்கு முந்தைய வாரம், அவரும் கண்மாயில் மீன் குத்தகை எடுத்திருந்த ஒருவரும் சேர்ந்து வகுப்பு நடத்தினார்கள். குத்தகைதாரர் தம் மிதவையில் உட்கார்ந்து, அடிக்கணக்கு குறித்த மூங்கில் கழியைப் பத்து இடங்களில் ஊன்றி ஆழம் சொல்ல, கரையிலிருந்த பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். அதைச் சராசரியாக்கி மீட்டருக்கு மாற்றியபோது ஏறக்குறைய 1 மீட்டர் வந்தது. நீர் நின்ற பரப்பு சுமார் 20 ஹெக்டேர். அதாவது 2,00,000 கன மீட்டர் தண்ணீர். இனி மழை இல்லை என்றும், அறுவடைக்கு இன்னும் 60 நாள் என்றும், நெல்லுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும் என்றும் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். ஓர் ஏக்கருக்குச் சுமார் 2,400 கன மீட்டர். ஆக, 80 ஏக்கருக்கு மேல் பாயும் என்று கரும்பலகைக்குப் பதிலாகக் கண்மாய் நிரம்பினால் மிகைநீர் வழியும் கலுங்கின் சுவரில் சாக்கட்டியால் விடையை எழுதினார்கள்.

நீர்பாய்ச்சி அதைப் பார்த்துவிட்டு, “அம்பது ஏக்கர் கரையேறுனாப் பெருசு” என்றார்.

பிள்ளைகள் மறுபடி கூட்டிப் பார்த்தார்கள். கணக்கில் பிழை இல்லை. எங்கே போகிறது முப்பது ஏக்கர்த் தண்ணீர் என்ற கேள்வியில்தான் அன்றைய பாடம் உண்மையில் தொடங்கியது. வெயில் குடிக்கிற தண்ணீரைக் கணக்கில் சேர்க்கவில்லை என்றார் அவர். நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாவதாக வைத்தால் 60 நாளில் 30 சென்டிமீட்டர். இருப்பில் பத்தில் மூன்று பங்கு. அதைக் கழித்தால் சுமார் 58 ஏக்கர்தான் நிற்கிறது. மிச்சம் எங்கே என்று கேட்ட ஒரு சிறுமியை அவர் இரண்டாம் மடைக்கு அழைத்துப்போய், அடைத்த மடையின் அடியில் கசிந்து ஓடிக்கொண்டிருந்த நீரைக் காட்டினார். பிறகு, கண்மாய்க்குள்ளிருந்து நீரை வெளியேற்றும் பழைய குமிழித் தூம்பின் அமைப்பை மண்ணில் குச்சியால் வரைந்து, நீர் போவதற்கு நீரோடித் துளை மேலேயும், வண்டல் போவதற்குச் சேறோடித் துளை அடியிலும் ஏன் வைத்தார்கள் என்று விளக்கினார். ஆவியாதல், சராசரி, அலகு மாற்றம், நீரழுத்தம், வண்டல் படிதல் என ஐந்து பாடங்கள் இரண்டரை மணி நேரத்தில் முடிந்தன. அன்றைக்கு நான் செய்தது, அனைவருக்கும் சுண்டலும் குடிநீரும் ஏற்பாடு செய்ததுதான்.

இதில் சொல்லாமல் விட முடியாத ஒன்று உண்டு. அந்த வகுப்புக்கு முந்தைய நாள் நீர்பாய்ச்சியைப் பள்ளிக்கு அழைத்திருந்தோம். வந்தவர் வகுப்பறைக்கு வெளியே, செருப்பைக் கழற்றிவிட்டு, தூணோரம் நின்றுகொண்டார். உள்ளே வந்து உட்காருங்கள் என்று ஆசிரியை நாற்காலியை இழுத்துப் போட்ட பிறகும், “இருக்கட்டும் டீச்சர்” என்று நின்றபடியே பேசினார். தென்மாவட்டங்களில் மடை காக்கும் வேலை எந்தச் சமூகத்தினர் கையில் இருந்தது என்பதும், அவர்களில் பலர் எந்த வாசல்களுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்பதும் ஊரறிந்த செய்தி. உள்ளூர் அறிவு என்று நாம் கொண்டாடுகிற பலவும் அப்படி வெளியே நிறுத்தப்பட்டவர்களிடம்தான் இருக்கிறது. அதைப் பள்ளிக்குள் கொண்டுவரும்போது ஆளையும் உரிய மரியாதையோடு கொண்டுவர வேண்டும். வருகை தரும் நிபுணருக்கு எவ்வளவு மதிப்பூதியமோ அவ்வளவு அவருக்கும் தர வேண்டும். “அவருக்குச் சால்வை போட்டால் போதுமே” என்று சொன்ன நிதியாளர் ஒருவரோடு நான் வாதிட்டதுண்டு. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவரின் அடுப்பு சால்வையால் எரியாது.

நூறு நாள் வேலையில், கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலைத் தூர்வாரும் தாய்மார்கள் இன்னொரு பெரும் அறிவுக்கூட்டம். எந்த ஓடை அடைபட்டிருக்கிறது, எங்கே கரம்பை வண்டல் அள்ளலாம், எந்த இடத்தில் பட்டா நிலம் ஓடைக்குள் இறங்கியிருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. இவர்களில் பலர் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் இருக்கிறார்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். ஆனால் அக்குழுவின் கூட்டங்களில் கழிப்பறையும் குடிநீரும் பேசப்படுகிற அளவுக்கு, என்ன கற்பிக்கலாம் என்பது பேசப்படுவதில்லை. வெளித் துணைவர் ஒருவர் முதலில் போய் உட்கார வேண்டிய இடம் அந்தக் கூட்டமே; தலைமையாசிரியர் அறையில் தேநீர் குடிப்பதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முழக்கங்களைக் கொண்டுவராதீர்கள் என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சீமைக்கருவேலம் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. அதை அழிக்க வேண்டும் என்று பதாகை பிடித்து ஊர்வலம் போவது எளிது. 2017இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்ற ஆணையிட்டபோது பல பள்ளிகளின் பிள்ளைகள் அப்படித்தான் அழைத்துச் செல்லப்பட்டார்கள். மண்ணுக்கும் மேய்ச்சலுக்கும் அது செய்த கேடு உண்மை. அதே வேளையில், சிவகங்கையிலும் இராமநாதபுரத்திலும் அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுத்துப் பிழைக்கும் குடும்பங்கள் நிறைய. எங்கள் வகுப்பொன்றில் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன், “எங்கப்பா மூட்டம் போடுறாரு சார். மரத்த எல்லாம் எடுத்துட்டா நாங்க என்ன செய்ய?” என்று கேட்டான். என்னிடம் அப்போது விடை இல்லை. இப்போதும் முழுமையாக இல்லை. அவன் தந்தையையே அழைத்து, ஒரு மூட்டத்துக்கு எவ்வளவு விறகு, எவ்வளவு கரி, என்ன விலை, வெட்டிய மரம் எத்தனை ஆண்டில் மறுபடி தழைக்கிறது என்று பிள்ளைகளைக் கேட்டு எழுத வைத்தோம். கண்மாயின் உள்வாயில், அதாவது நீர் நிற்கும் பரப்பில், அகற்றுவது, கரம்பான தரிசில் வெட்டிப் பயன்படுத்துவது, அந்த இடங்களில் நாட்டுக்கருவேலத்தை மீட்பது என்று பிள்ளைகள் வகுத்த மூன்று பிரிவுகள், நான் பார்த்த பல திட்ட அறிக்கைகளைவிடத் தெளிவாக இருந்தன. நீடித்த வளர்ச்சி என்ற பெரிய சொல்லுக்கு நடைமுறையில் இதுதான் பொருள்.

ஊரே பாடமாக நிற்கிற இடங்கள் அருகிலேயே உண்டு. திருப்பத்தூருக்குப் பக்கத்தில், 1977இல் அறிவிக்கப்பட்ட வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி மக்கள், கூடு கட்டியிருக்கும் பறவைகள் மிரளக் கூடாது என்று பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பறவையைக் காக்க வேண்டும் என்று நாம் போய்ச் சொல்வது, கொல்லன் தெருவில் ஊசி விற்பது. அவர்களிடம் நாம் கேட்டு எழுதலாம். பொங்கல் நாட்களில் 2015 முதல் நடந்துவரும் பறவைக் கணக்கெடுப்பில் அவர்களைச் சேர்த்துவிடலாம். மேலூர் வட்டத்து அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது, அருகிலுள்ள மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193.42 ஹெக்டேர். 72 ஏரிகளும் 200 ஊற்றுகளும் 250 பறவையினங்களும் அப்பகுதியில் உள்ளதாகச் சொன்னது அரசின் அறிவிப்பு. இரண்டே ஆண்டில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது சுற்றுவட்டார ஊர்கள் கிராம சபைகளில் தீர்மானம் போட்டன. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. கிராம சபை என்றால் என்ன என்பதை அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு இனி யாரும் புத்தகத்திலிருந்து விளக்க வேண்டியதில்லை.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் பெரிய நிறுவனங்களை லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிடச் சொல்கிறது. கல்வியும் சுற்றுச்சூழலும் அந்தப் பட்டியலில் உள்ளன. ஆனால் நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது. எனவே பணம் பிப்ரவரியில் அவசரமாக வந்து, மார்ச்சுக்குள் செலவாகியாக வேண்டும் என்கிறது. அப்போது பள்ளியில் தேர்வு நெருங்கியிருக்கும், கண்மாய் வற்றிக்கொண்டிருக்கும். எங்கள் பகுதியில் இந்த வேலைக்கு உயிருள்ள மாதங்கள் ஐப்பசி முதல் தை வரை. இதை நிதி தருபவரிடம் முதல் சந்திப்பிலேயே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். நவீனத் தகவல் பலகையும் திறன் வகுப்பறையும் கேட்காமலே கிடைக்கும். மூன்று ஆண்டுக்கு மாதம் ஒரு நாள் வந்துபோகிற ஓர் ஆளின் சம்பளம் கேட்டாலும் கிடைப்பதில்லை.

பிள்ளைகளை நீர்நிலைக்கு அழைத்துப் போகிறவர்கள் பாதுகாப்பில் சிறு தளர்வும் காட்டக் கூடாது. ஒரு பிள்ளையும் நீரில் இறங்கக் கூடாது. ஆழம் அளப்பது நீச்சல் தெரிந்த பெரியவரின் வேலை. வண்டல் அள்ளிய பள்ளங்கள் நீருக்கடியில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். உள்ளூர்க்காரர் ஒருவரை முன்னதாக நடக்க வைத்து அவ்விடங்களைக் கொடி கட்டிக் குறிக்க வேண்டும். பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல், பெண் ஆசிரியர் ஒருவரின் உடனிருப்பு, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் தொலைபேசி எண் ஆகிய மூன்றும் இல்லாமல் நாங்கள் கரை ஏறுவதில்லை. பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதையும் நிறுத்திவிட்டோம். அந்தப் பழைய அட்டைப்படம் இன்னும் என்னை உறுத்துகிறது.

ஆசிரியர் மாறுதலில் போய்விட்டால் வேலை நின்றுவிடுகிறது என்பது எல்லாரும் சொல்லும் குறை. உண்மைதான், அளவைகள் பாடத்தைக் கண்மாயில் நடத்திய ஆசிரியையும் நான்காம் ஆண்டில் கலந்தாய்வில் வேறு ஒன்றியத்துக்குப் போய்விட்டார். அதற்கு முன்பே, நீல அட்டை போட்ட நீளமான பேரேடு ஒன்றைப் பள்ளியின் பீரோவில் வைத்திருந்தோம். கலுங்கில் நீர்மட்டம், முதல் மடை திறந்த நாள், வந்த பறவைகள், பயிரான ஏக்கர் என்று வாரத்துக்கு ஒரு வரி. எழுதுவது எட்டாம் வகுப்பு. சரிபார்த்துக் கையெழுத்திடுவது மேலாண்மைக் குழுவில் இருக்கும் முன்னாள் மாணவர் ஒருவர். புதிதாக வந்த ஆசிரியருக்கு முதலில் இதில் நாட்டமில்லை. இரண்டாம் ஆண்டு, சமூக அறிவியலில் வரைபடம் நடத்தப் புள்ளிவிவரம் தேடியபோது அந்தப் பேரேட்டை எடுத்தார். இப்போது சாவி அவரிடம்தான் இருக்கிறது. அதில் ஒரு கார்த்திகை மாதம் முழுக்க வெறுமையாக இருக்கிறது. தேர்தல் பணி, தொடர் மழை, விடுமுறை எல்லாம் சேர்ந்து அந்த மாதம் யாரும் கலுங்குக்குப் போகவில்லை. நினைவிலிருந்து நிரப்பிவிடலாமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். வேண்டாம் என்று நீர்பாய்ச்சித் தாத்தாதான் சொன்னார். அந்த நான்கு வரிகளும் இன்னும் காலியாகவே இருக்கின்றன.