மேக்ரோ பெயரில் ஓர் அடிக்கோடு

மதுரை கே.புதூர் சிட்கோ தொழிற்பேட்டை வட்டாரத்துச் சிறு பட்டறைகளுக்கு மோட்டார் ஸ்டார்டர் பெட்டிகளின் நிரலைச் சரிபார்த்துக் கொடுப்பது என் தொழில். சிங்கிள் பேஸ், த்ரீ பேஸ், செல்போனில் இயக்குவது என மாடல்கள் பலவானாலும் சி மொழியில் எழுதிய நிரல் ஒன்றுதான். எந்த மாடலுக்கு எந்தப் பகுதி என்பதை மேக்ரோக்கள், அதாவது நிரலில் மதிப்புகளுக்கு வைக்கும் பெயர்கள், ‘#இஃப்’ போன்ற நிபந்தனை வரிகள் வழியே தீர்மானிக்கின்றன. மாடலுக்கு ஒரு நகல் வைத்துக்கொண்டு, ஒன்றில் திருத்தியதை மற்றவற்றில் மறப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால், இந்த நிபந்தனைகள் நிரல் ஓடும்போது பார்க்கப்படுவதில்லை. நிரலைச் சிப்புக்குப் புரியும் மொழிக்கு மாற்றும் கம்பைலர் வேலையைத் தொடங்கும் முன்பே, அதற்கு முந்தைய கட்டமான ப்ரீபிராசசர் வேண்டாத பகுதியை வெட்டிவிடுகிறது. வெட்டிய பகுதிக்குள், எங்குமே எழுதப்படாத ஒரு ஃபங்ஷனை அழைத்திருந்தாலும் ஒரு பிழைச்செய்தி வராது.

மேலூர்ப் பக்கம் ஒரு போர்வெல் மோட்டாரில் காயில் எரிந்துவிட்டது. தண்ணீர் இல்லாமல் ஓடும் மோட்டார் இழுக்கும் கரன்ட் குறையும். அதைக் கண்டு மோட்டாரை நிறுத்துவதுதான் டிரை ரன் பாதுகாப்பு. அதற்கான பகுதி நிரலில் ஒழுங்காகவே எழுதப்பட்டிருந்தது. மேக்ரோக்களின் மதிப்புகளை எழுதி வைக்கும் அமைப்புக் கோப்பில் ‘#டிஃபைன் டிரை_ரன் 1’ என்று இருந்தது. நிரலிலோ ‘#இஃப் டிரைரன்’. நடுவில் ஓர் அடிக்கோடு இல்லை, அவ்வளவுதான். ‘#இஃப்’ வரியில் அறியாத பெயர் வந்தால் அதைப் பூஜ்ஜியமாகக் கொள்ள வேண்டும் என்பது சி மொழியின் விதி. எனவே பாதுகாப்புப் பகுதி சத்தமில்லாமல் வெளியேறியது, எச்சரிக்கைகூட வரவில்லை. பட்டறையில் நிறைந்த தொட்டியில் வைத்துச் சோதித்ததால் அங்கும் தெரியவில்லை. அமைப்புக் கோப்பை நிரலில் இன்க்ளூட் செய்ய (சேர்க்க) மறந்தாலும் இதே கதிதான்.

‘#இஃப்டெஃப்’ போட்டால் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். அது பெயர் இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கும். ஒரு வசதியை நிறுத்துவதற்காக மதிப்பை 0 என்று மாற்றினாலும் அந்தப் பகுதி உள்ளேயேதான் இருக்கும்.

நான் வலியுறுத்துவது இதைத்தான்: எல்லா மேக்ரோவுக்கும் 0 அல்லது 1 என்று மதிப்புக் கொடுத்து, ‘#இஃப்’ மட்டும் பயன்படுத்துங்கள். ஜிசிசி என்னும் கம்பைலரில், ‘#இஃப்’ வரியில் அறியாத பெயர் வந்தால் சொல்லும் ‘-டபிள்யூஅன்டெஃப்’ எச்சரிக்கையைப் போடுங்கள். பல எச்சரிக்கைகளை ஒன்றாகத் தரும் ‘-வால்’ போட்டுவிட்டோமே என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அதில் இது அடங்காது, தனியாகத்தான் கேட்க வேண்டும். பாதுகாப்பு தொடர்பான மேக்ரோ வரையறுக்கப்படாமல் இருந்தால் ‘#எரர்’ வரியால் கம்பைலையே நிறுத்திவிடலாம்.

முடிந்த இடத்தில் மேக்ரோவை விட்டு, மாறிலியை வைத்துச் சாதாரண ‘இஃப்’ எழுதுவது இன்னும் நல்லது. கம்பைலர் இரு பக்கத்தையும் படித்துப் பார்த்துப் பிழை சொல்லும். ஆப்டிமைசேஷன் போட்டால் தேவையில்லாத பக்கத்தை அதுவே நீக்கியும் விடும், சிப்பில் இடம் வீணாகாது. ஒரு மாடலின் சிப்பில் மட்டும் உள்ள ரிஜிஸ்டரை (சிப்பின் உள் பதிவிடத்தை) தொடும் பகுதிக்கு இது ஒத்துவராது. அங்கே மேக்ரோதான் வழி. அத்தகைய பகுதி உள்ளே வந்ததா என்று சந்தேகம் வந்தால் ‘ஜிசிசி -ஈ’ கொடுத்து, ப்ரீபிராசசர் வெட்டியது போக மீந்திருப்பதைத் திறந்து படியுங்கள்.