கடற்கரையில் பொறுக்கிய கல்லை மீன்தொட்டியில் போடலாமா?

உப்புநீர்த் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவருக்கு முதல் அதிர்ச்சி பெரும்பாலும் மீன் விலையில் வருவதில்லை, கல் விலையில்தான் வருகிறது. தொட்டிக்குள் அடுக்க, துளைத்துளையான கல் கிலோ கணக்கில் வேண்டும். அந்தத் துளைகளில் குடியேறும் பாக்டீரியாதான் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அப்புறம் நைட்ரேட்டாகவும் மாற்றி மீனைப் பிழைக்க வைக்கிறது. கடைக்காரர் விலையைச் சொன்னதும், "ராமேஸ்வரத்தை அடுத்த மண்டபம் ஊர்ப் பக்கம் கரையில் இதே கல் சும்மாதானே கிடக்கிறது, ஒரு கோணி அள்ளி வந்தால் என்ன?" என்று தோன்றிவிடும்.

அள்ளி வரக் கூடாது. காரணம் எளிமையானது. மண்டபத்திலும் ராமேஸ்வரத்திலும் கரை ஒதுங்கிக் கிடக்கும் அந்த வெள்ளைக் கல் பெரும்பாலும் கல்லே இல்லை, பவளத்தின் எலும்புக்கூடு. பவளம் செடியுமல்ல, பாறையுமல்ல. சுண்ணாம்பைச் சுரந்து தனக்கு வீடு கட்டிக்கொள்ளும் மிகச் சிறிய விலங்குகளின் கூட்டம். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 'விலங்கு' என்று சொல்லும்போது முதுகெலும்பில்லாத உயிர்களையும் சேர்த்தே சொல்கிறது. பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும், கருப்புப் பவளம், தீப்பவளம், கடல் விசிறி ஆகியவையும் 2001-இல் அதன் முதல் அட்டவணையில் ஏறின. புலி இருக்கும் அதே அட்டவணை. 2022-இல் சட்டத்தைத் திருத்தி அட்டவணைகளை மாற்றி அடுக்கினார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. பவளம் முதல் அட்டவணையிலிருந்து இடம் மாறவில்லை.

"செத்துப் போனதுதானே, உயிரோடு பிடுங்கவில்லையே" என்பதுதான் எல்லோரும் கேட்கும் அடுத்த கேள்வி. அதற்குப் பதில் 39-ஆம் பிரிவில் இருக்கிறது. இறந்து கிடக்கும் வன விலங்கு அரசின் சொத்து. அப்படி ஒன்று கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் பக்கத்துக் காவல் நிலையத்திலோ அதிகாரம் பெற்ற வன அலுவலரிடமோ தெரிவித்து, கேட்டால் ஒப்படைக்க வேண்டும். காட்டில் செத்துக் கிடக்கும் யானையின் தந்தத்தை எடுத்துவர முடியாது என்று நமக்குத் தெரியும். அதே கணக்குதான் இதற்கும். முதல் அட்டவணை உயிரினம் சம்பந்தப்பட்ட குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். திருத்தத்துக்கு முன்பு அந்தக் குறைந்தபட்ச அபராதம் 10,000 ரூபாயாக இருந்தது.

அனுமதி வாங்கி எடுக்கலாமா என்று கேட்டால், சட்டம் அனுமதி தருவது கல்வி, அறிவியல் ஆராய்ச்சி போன்ற சில காரணங்களுக்கு மட்டும்தான். வீட்டுக் கூடத்தை அழகுபடுத்துவது அந்தப் பட்டியலில் இல்லை.

இவ்வளவு கடுமை எதற்கு என்பதற்கு மன்னார் வளைகுடாவே சாட்சி. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர் பரப்பை 1986-இல் கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அறிவித்த பிறகும் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளக்கல் வெட்டுவது நிற்கவில்லை. பழைய கட்டடங்களில் அதைப் பார்க்கலாம். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயச் சுவரை நெருங்கிப் பார்த்தால் கல்லில் பவளத்தின் கோலம் தெரியும். பவளத்திட்டுதான் அலையை முதலில் வாங்கிக்கொள்கிறது. அது போனதும் அலை நேராகத் தீவில் மோதியது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. தூத்துக்குடிக்கு அருகே வான்தீவு சுருங்கிக்கொண்டே வந்ததால், அதைக் காக்க அரசு செயற்கைப் பாறைகளைச் செய்து கடலில் இறக்க வேண்டியிருந்தது. ஒரு கோணிக் கல்லால் தீவு மூழ்காது, சரிதான். ஆனால் வெட்டியவர்களும் கொஞ்சம் கொஞ்சமாகத்தானே வெட்டியிருப்பார்கள்.

பவளமே இல்லாத கடற்கரைக் கல்? சென்னைப் பக்கம் கரையில் காணும் கருங்கல் பெரும்பாலும் கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய தூண்டில் வளைவுக் கல். அது அரசு காசு போட்டுக் கொட்டியது. அதில் கை வைக்க வேண்டாம். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகளும், 2011-இல் வந்ததும் 2019-இல் வந்ததும், சில விதிவிலக்குகள் தவிர, கரையில் மணலும் பாறையும் தோண்டி எடுப்பதைத் தடுக்கின்றன. கூழாங்கல் ஒன்றைப் பையில் போட்டவர் மீது யாரும் பாயப் போவதில்லை என்பது என் எண்ணம், ஆனால் தொட்டியை நிரப்பும் அளவு வேறு கதை. அதோடு கருங்கல்லில் துளை கிடையாது. கஷ்டப்பட்டுத் தூக்கி வந்தாலும் பாக்டீரியாவுக்கு இடம் போதாது.

வினிகரை ஊற்றி நுரைத்தால் தொட்டிக்கு ஏற்ற கல் என்று ஒரு சோதனை சொல்வார்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, அவ்வளவே. பவளமும் நுரைக்கும், சிப்பியும் நுரைக்கும், சாதாரணச் சுண்ணாம்புக் கல்லும் நுரைக்கும். சட்டத்துக்கு அந்தச் சோதனை உதவாது. கண்ணால் பார்ப்பது மேல்: நட்சத்திரம் போலவோ தேன்கூடு போலவோ ஒரே சீராகக் குழிகள் இருந்தால் பவளம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

"நான் பொறுக்கவில்லை, பில் போட்டு வாங்கினேன்" என்பதும் காப்பாற்றாது. முதல் அட்டவணைப் பொருளை விற்பதற்கே தடை இருக்கும்போது பில்லுக்கு என்ன மதிப்பு? வெளிநாட்டுச் சரக்கு என்றாலும் அப்படித்தான். பாறை கட்டும் கடினப் பவளங்கள் எல்லாம், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பின்னிணைப்பில் உள்ளவை. ஓர் உயிரினம் முதல் அட்டவணையிலும் சைட்டஸ் உயிரினங்களுக்கான நான்காம் அட்டவணையிலும் இருந்தால், முதல் அட்டவணை விதிதான் செல்லும் என்று 2022 திருத்தம் சொல்கிறது.

சரி, தொட்டிக்கு என்ன செய்வது? வீட்டிலேயே கல் செய்யலாம். சிமெண்ட், பருமணல், இரண்டையும்விடக் கூடுதலாகக் கல் உப்பு. கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிசைந்து, ஈர மணலில் குழி தோண்டி அதில் வார்த்துவிட வேண்டும். இறுகியபின் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டால் உப்பு கரைந்து வெளியேறும், அது இருந்த இடமெல்லாம் துளையாகும். பொறுமை இங்கேதான் வேண்டும். சிமெண்டிலிருந்து காரம் கசிந்துகொண்டே இருக்கும் என்பதால் பல வாரம் தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைக்க வேண்டும். ஊறிய தண்ணீரின் பிஎச் 8.3 அளவுக்கு இறங்கும் வரை தொட்டிப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். அந்தப் பொறுமை இல்லாதவர்களுக்குச் சென்னைக் கொளத்தூர் வண்ணமீன் சந்தையில், பாக்டீரியா குடியேறத் துளையுள்ள பீங்கான் வளையம் கிடைக்கும். உடைந்த மண்தொட்டியும் மோசமில்லை.

ராமேஸ்வரம் போய்வந்த எத்தனையோ வீடுகளின் ஷோகேஸில் ஒரு வெள்ளைக் கல் பல வருடமாக உட்கார்ந்திருக்கும். அதை மீன்தொட்டிக்கு மாற்றலாம் என்று நினைக்காதீர்கள், விற்கவும் வேண்டாம். பக்கத்து வனச்சரக அலுவலகத்தில் விவரம் சொல்லி ஒப்படைத்துவிடுவது நல்லது. தொட்டியில் ஏற்கெனவே கிடந்த கல்லென்றால் "எடுத்த இடத்திலேயே போட்டுவிடுகிறேன்" என்று கடலில் வீசவும் கூடாது. வெளியூர்ப் பாசியும் நோயும் அதில் ஒட்டிக்கொண்டு போகும்.