ஜன்னலில் வெள்ளி, இலைக்கு வெளிச்சம்

"பழைய ஜன்னலை எடுத்துவிட்டு லோ-ஈ (low-e) கண்ணாடி, அதாவது மெல்லிய உலோகப் பூச்சுள்ள கண்ணாடி, போடப் போகிறோம். வெப்பத்தைத் தடுக்குமாம். அப்படியானால் என் தொட்டிச் செடிகளுக்கு வெளிச்சம் பத்தாமல் போகாதா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

ஒளிச்சேர்க்கை நமக்குத் தெரிந்ததுதான். அதற்குச் செடி பயன்படுத்துவது 400 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஒளி. கிட்டத்தட்ட நம் கண்ணுக்குத் தெரியும் அதே ஒளி. வெயிலின் ஆற்றலில் ஏறக்குறைய பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. அதைத் திருப்பி அனுப்பினால் இலை பட்டினி கிடக்காது.

அதைப் பிரித்து அனுப்புவது யார்? லோ-ஈ பூச்சில் இருக்கும் வெள்ளி! வீட்டுக் கண்ணாடியில் முகம் காட்டுகிற அதே உலோகம். ஆனால் இங்கே அதன் தடிமன் சுமார் 10 நானோமீட்டர்தான், தலைமுடியில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு மெல்லியதாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியும் ஒளி பெரும்பாலும் ஊடுருவிவிடும். கொஞ்சம் எதிரொளிக்கத்தான் செய்யும். அதற்காக வெள்ளிக்கு மேலும் கீழும் ஆக்சைடு படலங்கள் பூசுகிறார்கள். படலங்களில் பட்டுத் திரும்பும் அலைகளின் மேடும் பள்ளமும் மோதி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அகச்சிவப்பின் அலைநீளம் வேறு, அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதன் நிதானமான அசைவுக்கு வெள்ளியின் எலக்ட்ரான்கள் தாளம் தப்பாமல் ஆடி, அதை வந்த வழியே அனுப்பிவிடும். எனக்கு இது எத்தனை முறை படித்தாலும் அலுக்காத வித்தை.

இருட்டில், இரண்டு தகடுகள் கொண்ட இரட்டைக் கண்ணாடி முன் மெழுகுவர்த்தியைப் பிடித்துப் பாருங்கள். நான்கு பரப்புகளுக்கு நான்கு சுடர்கள் தெரியும். அதில் ஒன்று மட்டும் நிறம் மாறியிருந்தால், வெள்ளி அங்கேதான் இருக்கிறது.

சரி, வாங்கும்போது? ஒளி ஊடுருவும் அளவைக் கேளுங்கள். சாதாரண ஒற்றைக் கண்ணாடியில் சுமார் 90 சதவீதம், பூச்சில்லாத இரட்டையில் 80, நல்ல லோ-ஈ இரட்டையில் 70 வரை வரும். கரும்பழுப்பு, சாம்பல் நிறக் கண்ணாடிகளில் இது பாதிக்கும் கீழே போகலாம், வேண்டாம். பச்சை நிறக் கண்ணாடி இன்னும் தந்திரமானது. அந்த எண்ணே மனிதக் கண்ணை வைத்துப் போட்ட கணக்கு, நம் கண்ணோ பச்சைக்குத்தான் அதிகம் மயங்கும். நமக்கு அறை பளிச்சென்றிருக்கும், இலைக்குச் சேர வேண்டிய சிவப்பு குறைந்திருக்கும்.

புற ஊதாக்கதிர் இல்லாவிட்டால் செடி செத்துவிடும் என்பதெல்லாம், இரவில் செடி நம் மூச்சை நிறுத்திவிடும் என்பதைப் போன்ற கதை. அதைவிட ஜன்னல் சட்டத்தின் அகலத்தைப் பாருங்கள். தடித்த சட்டம் கண்ணாடிப் பரப்பையே தின்றுவிடும். அப்புறம், தொட்டியை ஜன்னலிலிருந்து நாலடி உள்ளே தள்ளினால் போகும் ஒளி, கண்ணாடி மாற்றியதால் போவதைவிட அதிகம்.