டெய்லிங்ஸ் – தாதுக்கசடு

தங்கச் சுரங்கங்களைப் பற்றிய செய்திகளில் 'டெய்லிங்ஸ்' என்ற சொல் அடிக்கடி வரும். தமிழில் எழுதும்போது பலரும் அதைக் 'கழிவுநீர்' என்று முடித்துவிடுகிறார்கள். சாக்கடை நீருக்கும் அதே பெயர்தான் என்பதால் ஆபத்தின் அளவு வாசகருக்குப் புரியாமலே போகிறது.

ஆங்கிலத்தில் 'டெய்ல்' என்றால் வால். ஆலைக்குள் நுழையும் தாதுவைத் 'தலை' என்றும், எடுக்க வேண்டியதை எடுத்தபின் கடைசியில் வெளியேறுவதை 'வால்' என்றும் சொல்வது சுரங்கத் தொழில் வழக்கு. ஒரு டன் தாதுவில் பெரும்பாலும் சில கிராம் தங்கம்தான் கிடைக்கும். மற்றதெல்லாம் வால்தான்.

மாவாக அரைத்த பாறையும் நீரும் கலந்த கூழ் அது. தங்கத்தைக் கரைக்கச் சயனைடு சேர்க்கும் முறைக்கு 1887இல் காப்புரிமை பெறப்பட்டது. இன்றும் அதுவே பெருவழக்கு. சுண்ணாம்பு போட்டுக் காரத்தன்மையை பிஎச் 10க்கு மேல் நிறுத்துவார்கள்; அது இறங்கினால் சயனைடு நச்சு வாயுவாகக் கிளம்பும். கரைந்த தங்கத்தைக் கரி உறிஞ்சிக்கொண்ட பிறகும் கூழில் சயனைடும் செம்பும், சில தாதுக்களில் ஆர்சனிக்கும் மிஞ்சும். கந்தக டைஆக்சைடையும் காற்றையும் செலுத்திச் சயனைடைச் சிதைக்கிறார்கள். ஆர்சனிக்கை இரும்பு உப்பால் படியவைக்கிறார்கள். பிறகு கூழ், அதைத் தேக்கிவைக்கவே கட்டிய அணைக்குள் போகிறது. மண் அடியில் தங்க, மேலே தெளிந்த நீர் மறுபடி ஆலைக்கே திரும்புகிறது.

2000 ஜனவரி 30 அன்று ருமேனியாவின் பாயா மாரே அருகே அப்படியோர் அணையின் கரை உடைந்தது. சயனைடு கலந்த நீர் சுமார் 1 லட்சம் கன மீட்டர் வெளியேறி, ஹங்கேரியின் டிசா ஆற்றில் மீன்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. இதைக் 'கழிவுநீர்க் கசிவு' என்று எழுதுவது பெரும் பிழை.

நம்மிடம் 'கசடு' இருக்கிறது. அடியில் தங்கும் மண்டி என்பது அதன் பொருள். 'கற்க கசடற' என்ற குறளில் அதுவே குற்றத்தைக் குறித்தது. 'மலக்கசடு' இன்று அரசு ஆவணங்களில் புழங்குகிறது. அதே வழியில் 'தாதுக்கசடு' என்பதே என் தேர்வு. 'கனிமக் கழிவு' என்றால் வெட்டிப் போட்ட வெறும் பாறையும் அதில் சேர்ந்துவிடும். உலையில் உருகி ஒதுங்குவது வேறு, அதை 'உலைக்கசடு' என்று பிரித்துச் சொல்லலாம். அணையைக் 'கசடு அணை' என்றும், மேலே நிற்பதைத் 'தெளிநீர்' என்றும் சொல்லலாம். சுரங்கக் குழியில் ஊறி, இறைத்து வெளியேற்றப்படும் நீர் சயனைடையே பார்க்காதது; அதற்குக் 'குழிநீர்' என்ற தனிப்பெயர் வேண்டும்.