‘ஈஸ்தெடிக்ஸ்’ என்றால் அழகியலா?

செயலி வடிவமைப்பைப் பற்றித் தமிழில் எழுதுவோர் ‘ஈஸ்தெடிக்ஸ்’ வரும் இடத்திலெல்லாம் ‘அழகியல்’ என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். மெய்யியல் வகுப்பில் அது செல்லும். திரை, பொத்தான், விரல் என்று பேசும் இடத்தில் பொருளையே கெடுக்கிறது.

மூலம் கிரேக்கம்: ‘ஐஸ்தேசிஸ்’, புலன்களால் உணர்தல். ‘அனஸ்தீசியா’வும் இதே வேர்தான். ஜெர்மன் மெய்யியலாளர் பாம்கார்ட்டன் 1735இல் இதைத் துறைப் பெயராக்கினார். பிறகுதான் கலை, அழகு என்று பொருள் சுருங்கியது. நாம் மொழிபெயர்த்தது சுருங்கிய பொருளை.

அதனால் என்ன கேடு? ‘அழகியல்’ என்றதும் கண்ணுக்கு விருந்து, கடைசியில் பூசும் வண்ணம் என்றே கேட்பவர் எடுத்துக்கொள்கிறார். 2013இல் ஆப்பிள் தன் ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 7இல் பொத்தான்களின் விளிம்பையும் நிழலையும் எடுத்துவிட்டு வெறும் வண்ண எழுத்தாக்கியது. பார்க்கத் துப்புரவாக இருந்தது. எது தலைப்பு, எது அழுத்தவேண்டியது என்பது பலருக்குப் பிடிபடவில்லை. மறு ஆண்டே 7.1இல் பொத்தான் வடிவத்தைத் திரும்பக் காட்டும் அமைப்பு ஒன்றைச் சேர்க்கவேண்டியதாயிற்று. வடிவம்தான் ‘இங்கே அழுத்து’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதை ஒப்பனை என்று நினைத்தால் இப்படித்தான் ஆகும்.

அழகியல் கட்சியினர் உடனே ஜப்பானிய ஆய்வாளர்கள் குரோசு, கஷிமுரா இருவரின் ஆய்வை எடுத்து நீட்டுவார்கள். 1995இல் அவர்கள் ஏடிஎம் திரையின் 26 அமைப்புகளைக் காட்டி மதிப்பிடச் சொன்னார்கள். அழகாகத் தெரிந்தவையே எளிதானவையாகவும் தெரிந்தன. அதே ஆய்வை டிராக்டின்ஸ்கி என்ற ஆய்வாளர் இஸ்ரேலில் திரும்பச் செய்தபோது அந்தத் தொடர்பு இன்னும் வலுவாகவே வந்தது. ஆனால் ஜப்பானிய ஆய்வில் மதிப்பிட்டது பார்த்த மாத்திரத்தில் தோன்றும் எளிமையை. உண்மையான எளிமையோடு அதற்கு அவ்வளவு ஒட்டு இல்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. இதை மட்டும் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. தொட்ட பிறகு வருவதோ வேறு கணக்கு: 0.1 நொடிக்குள் திரை பதில் சொல்லாவிட்டால் ‘அழுந்தியதா இல்லையா’ என்ற ஐயம் எழுகிறது, விரல் மறுபடி அழுத்துகிறது. தொடுபரப்பு 44 புள்ளிக்கு (‘பாயின்ட்’ என்ற திரை அளவு) குறைந்தால் பக்கத்துப் பொத்தான் மாட்டிக்கொள்கிறது. இவையும் ஈஸ்தெடிக்ஸ்தான். ‘அழகியல்’ என்ற பெயருக்குள் இவற்றை எங்கே வைப்பது?

‘முருகியல்’ என்பார் உண்டு. முருகுக்கு மணம், தேன் என்ற பொருள்களும் இருப்பதால் புலனுக்குச் சற்று நெருக்கம்தான். ஆனால் இன்று கேட்பவருக்கு ஆறுபடை வீடுதான் நினைவுக்கு வரும்.

என் தேர்வு ‘நயம்’. ஓசை நயம், பொருள் நயம் என்று பள்ளியிலேயே பழகிய சொல்; துய்ப்பவர் இல்லாமல் நயம் இல்லை. மளிகைக் கடையில் ‘நயம் புளி’ என்றால் தரமும் சேர்ந்தே வருகிறது. ‘வடமொழியாயிற்றே’ என்று தனித்தமிழ் அன்பர்கள் கிளம்புவார்கள். வடமொழி ‘நய’ நெறி, நீதி என்ற பக்கம் போவது. விரும்புதல் என்ற பொருளில் நயத்தல் நம் பழைய வினை. ‘நயத்தக்க நாகரிகம்’ என்கிறது குறள் 580. திரையோடு நாம் கொள்ளும் ஊடாட்டத்துக்கு (‘இன்டராக்‌ஷன்’) ‘ஊடாட்ட நயம்’ என்றால் கையும் கண்ணும் நேரமும் உள்ளே வந்துவிடுகின்றன.

இன்னொரு தொல்லை ‘வடிவம்’. ‘ஃபார்ம்’ வடிவம், ‘டிசைன்’ வடிவமைப்பு; நிரப்பும் தாளும் ஆங்கிலத்தில் ‘ஃபார்ம்’தான், தமிழில் அது படிவம். திரையைப் பார்க்காமல் சொற்பட்டியலை மட்டும் வைத்து மொழிபெயர்ப்பவர் ‘வடிவத்தைச் சமர்ப்பிக்கவும்’ என்று எழுதிவிடுகிறார். ‘சப்மிட்’டுக்கு அளந்த பொத்தானில் ‘சமர்ப்பிக்கவும்’ அடங்காமல் ‘சமர்ப்பிக்…’ என்று நின்றுவிடுகிறது. ஆங்கிலத்துக்கு வைத்த வரி உயரத்தில் கூ, ழு போன்றவற்றின் கீழ்ச்சுழி வெட்டுப்படுகிறது. ‘அனுப்பு’ என்று நான்கே எழுத்தில் முடித்துவிட்டு, வரி உயரத்தை எழுத்தளவின் ஒன்றரை மடங்காக்கினால் இரண்டும் தீரும்.